முக்கால் அங்குலம்

ஸ்கூல் பஸ் ஓட்டாத மூன்று மாதங்களில்
நான் ஓட்டுவது இதைத்தான்:
பண்ணை ஏலத்தில் நூற்றுப்பத்து டாலருக்கு
என்னைத் தவிர யாரும் கை தூக்காத,
பச்சை நிறம் பாதி உதிர்ந்த தோட்ட டிராக்டர்.
இரண்டரை ஏக்கர் புல்.
மினசோட்டாவில் ஜூன் என்றால்
வெட்டி முடித்துத் திரும்பிப் பார்க்கையில்
முதலில் வெட்டிய இடம் கணுக்காலைத் தொடும்.

அதன் கத்தலைச் சொல்ல வேண்டும்.
பிளேடு லீவரைத் தள்ளியதும்
பன்றியை வாலைப் பிடித்துத் தூக்கியதுபோல் நீண்ட கீச்சு.
பெல்ட் மாற்றினேன். கத்தியது.
பேரிங் மாற்றினேன். கத்தியது.
பெட்ரோல் பங்க்கில் ஒருவர் சோப்புக்கட்டி தேய்க்கச் சொன்னார்.
நுரையோடு கத்தியது.

போன வாரம்தான் கழற்றிப் பார்த்தேன், எஞ்சினடி புல்லியை.
கழற்றினேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்;
இரண்டு இரவு எண்ணெயில் ஊறி,
புல்லரின் ஒரு கொக்கியை உடைத்து,
என் வாயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாத சொற்களை வாங்கிக்கொண்டு
வந்தது.
தகடு. வெறும் தகடு.
இரண்டு கிண்ணங்களை முதுகோடு முதுகு ஒட்டியதுபோல.
ஒட்டு பாதி விட்டிருந்தது.
பள்ளத்தின் அடி கண்ணாடியாய் மின்னியது.
பக்கவாட்டில் பிடிக்க வேண்டிய பெல்ட்
அடியில் உட்கார்ந்து வழுக்கியிருக்கிறது,
இத்தனை கோடையும்.

புதியது வார்ப்பிரும்பு.
தகடு ஐந்து அங்குலம், இது ஐந்தரை.
கையில் வாங்கியபோது கை இறங்கியது.
மின்கட்டணக் கவரின் பின்னால் கணக்குப் போட்டேன்:
பிளேடின் நுனி இனி நிமிடத்துக்குப்
பதினெட்டாயிரம் அடி பறக்கும்.
பத்தொன்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது.
தாண்டவில்லை.
பெல்ட் மட்டும்
முக்கால் அங்குலம் நீளம் வேண்டும்.

சதுரக் கீயை அதன் காடியில் தட்டினேன்.
போல்ட்டை இறுக்கினேன்.
லீவரைத் தள்ளினேன்.

சத்தம் இல்லை.
எஞ்சின் உறுமியது, புல் பறந்தது,
ஆனால் அந்தச் சத்தம் இல்லை.
சாப்பிட்ட பிறகு நாக்கு தேடும் பல்லிடுக்குபோல்
காது அதையே தேடியது.
நான்கு சால் ஓட்டிவிட்டு நம்பாமல் நிறுத்தினேன்.
எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டு,
டெக்குக்கு அடியில் தலையை விட்டேன்.

காலடி ஓசை. ஓடிவரும் காலடி.
வெண்டல் ஸ்கார்.
எழுபத்திரண்டு வயசு, ஒரு காலில் ரப்பர் பூட்ஸ்,
மறு காலில் வீட்டுச் செருப்பு.
எல்லைக்கல்லுக்கு என் பக்கம் நின்ற பாப்ளர் மரத்தை
அவர் வெட்டிப்போட்ட நாளிலிருந்து
பதினோரு வருஷம், ஒரு வார்த்தை கிடையாது.

"உயிரோட இருக்கியா?"

"பெல்ட் முக்கால் அங்குலம் நீளம்," என்றேன் அடியிலிருந்து.
வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

மூச்சு அடங்கும்வரை பானட்டைப் பிடித்து நின்றார்.
"கத்தல் வரல. ஜன்னல்ல பாத்தா ரெண்டு காலு மட்டும் தெரியுது."
பிறகு குனிந்து பார்த்தார்.
"வார்ப்பா?"
"வார்ப்பு."
"என்ன விலை?"
சொன்னேன்.
உதட்டைப் பிதுக்கினார்.
புல்லில் கிடந்த தகட்டுப் புல்லியை எடுத்துத் திருப்பிப் பார்த்து
கேட்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.
மரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை,
நானும்.

மறுநாள் சாயங்காலம்
படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறேன்.
கத்துகிறது.
அதே பன்றி, அதே வால்.
சாவி என் பையில்.
டிராக்டர் ஷெட்டில், குளிர்ந்து.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்
வெண்டல் தன் புல்லை வெட்டிக்கொண்டிருக்கிறார்.